13 ரூபாய் கடன் கொடுத்தவன் எழுதும் மடல்

மாண்புமிகு மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கு,

தங்களுடையது எந்த மாநிலத்துப் போக்குவரத்துக் கழகம் என்று வெளியே சொல்ல மாட்டேன். கடன் வாங்கியவர் பெயரை நாலு பேர் நடுவில் சொல்வது எங்கள் வீட்டுப் பழக்கமில்லை.

போன வாரம் தங்கள் பேருந்தில் மலையேறினேன். கட்டணம் 47 ரூபாய், நான் நீட்டியது 100. கண்டக்டர் 40 ரூபாயைக் கையில் வைத்தார். டிக்கெட்டைத் திருப்பி 13 என்று எழுதிச் சுழித்தார். "இறங்கும்போது வாங்கிக்கங்க." மடியில் இருந்த என் முதுகுப் பைக்கும் லக்கேஜ் டிக்கெட் உண்டு, அதற்கு மட்டும் சரியான சில்லறை கேட்டு வாங்கிவிட்டார். நான் இறங்கும்போது டூட்டி மாறி வேறொருவர் நின்றார். டைம் கீப்பரைப் பார்க்கச் சொன்னார். டைம் கீப்பர் டிக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், என் பையைப் பார்த்தார், பெஞ்சில் இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "13 ரூபாய்க்கா சார் நிக்கிறீங்க?" என்றார். டிரைவர்கள் சிரித்தார்கள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவரும் சிரித்தார்.

அங்கேதான் எனக்கு என் தகுதி புரிந்தது. நான் பயணி இல்லை, அரசுக்குக் கடன் கொடுக்கும் நிறுவனம். உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, அதற்கடுத்து நான். அவர்களாவது வட்டி, தவணை, நிபந்தனை என்று தங்களைப் பாடாய்ப் படுத்துவார்கள். நான் ஒரு கையெழுத்துகூடக் கேட்கவில்லை.

கடன் பத்திரத்தின் தரம் வேறு! மெஷினில் அச்சான ஊர்ப்பெயர், தேதி, கட்டணம் எல்லாம் சட்டைப்பை வியர்வையில் வெளுத்துவிட்டன. பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவில் எழுதிய 13 மட்டும் பளிச்சென்று இருக்கிறது. நான் பயணம் செய்ததற்கு ஆதாரம் இல்லை. தாங்கள் பாக்கி வைத்ததற்கு இருக்கிறது.

முதுகில் பையும் கையில் லோக்கல் பேருந்து டிக்கெட்டுமாக ஊர் சுற்றுகிறவன் நான். மகாராஷ்டிர அரசுப் பேருந்தில் 4 நாள், 7 நாள் பாஸ் உண்டு. ஒரே தடவை பணம் கட்டிவிட்டு இஷ்டப்பட்ட ஊருக்குப் போகலாம். மூணாறு டிப்போவில் கேரளக் கழகம் பழைய பேருந்துகளுக்குள் படுக்கை போட்டு, 2020இல் இரவுக்கு 100 ரூபாய்க்கு விட்டது. சொகுசு என்று சொல்ல முடியாது, ஆனால் யோசித்திருக்கிறார்கள். என்ன பிரயோஜனம்? இவர்களுக்கெல்லாம் கடன் கொடுக்கும் பாக்கியம் எனக்கு வாய்க்கவே இல்லை. அந்தப் பெருமை தங்களுக்குத்தான்.

என்னை விடுங்கள். 13 ரூபாய் போனால் எனக்கு ஒரு டீ போச்சு. முன் சீட்டில் காய்கறிக் கூடையோடு ஒரு பெரியவர், எழுபது வயதுக்குக் குறையாது. 15 ரூபாய் டிக்கெட்டுக்கு 200 ரூபாய் நோட்டை நீட்டினார். சில்லறை இல்லையென்றால் இறங்கு என்றார்கள். நான் இரண்டு 10 ரூபாய் நாணயங்களை எடுத்துக் கொடுத்தேன். செல்லாது என்றார்கள். 14 வடிவ 10 ரூபாய் நாணயங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018லேயே அறிக்கை விட்டாயிற்று. அரசு அடித்த காசு அரசு வண்டியில் செல்லாதாம்! பலகைகூட இல்லாத ஒரு வளைவில், வெயிலில், கூடையோடு இறக்கிவிட்டுப் போனார்கள். அடுத்த வண்டி சாயங்காலம். இதற்குப் பெயர் நிர்வாகமா? ஏ.சி. அறையில் உட்கார்ந்து நஷ்டக் கணக்கு எழுதுகிறீர்களே, ஒரு பை சில்லறைக்கு வழியில்லையா? வெட்கமாக இல்லை?

மன்னிக்கவும். கடன் கொடுத்தவன் குரலை உயர்த்துவது எங்கும் நடப்பதுதான். தாங்கள் பெருந்தன்மையோடு எடுத்துக்கொள்வீர்கள். கண்டக்டர் மேலும் எனக்குக் கோபமில்லை. டிப்போவில் சில்லறை தருவதில்லை என்று அவரே புலம்பினார். பெட்டிக்கடை பெட்டிக்கடையாக அவர்தான் கெஞ்சி வாங்குகிறாராம். ஜிபே இருக்கிறதே என்பீர்கள். நான்காவது வளைவுக்கு மேல் சிக்னல் இருக்கிறதா என்று ஒருநாள் தங்கள் வண்டியிலேயே வந்து பாருங்கள். நூறு ரூபாய் நோட்டோடு வாருங்கள்.

என் 13 ரூபாயை மாநில வளர்ச்சிக்கே வைத்துக்கொள்ளுங்கள், வட்டியும் வேண்டாம். காலையில் கண்டக்டர் பை டிப்போவை விட்டுக் கிளம்பும்போது 500 ரூபாய்க்குச் சில்லறை போட்டு அனுப்புங்கள். 10 ரூபாய் நாணயத்தை வாங்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை விடுங்கள். அந்தப் பெரியவர் அடுத்த சந்தை நாளிலும் அதே வண்டிக்குத்தான் வருவார். அவரை இறக்கிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு பயணி