பின்னால் நிற்கிற கோச்சி

எந்த ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். கலியாண அல்பத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, பொம்பிளை எப்படி, மாப்பிள்ளை எப்படி என்று அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்போம். அவர் மணமக்களைத் தாண்டி, தோழிப்பெண்ணைத் தாண்டி, படத்தின் வலப்பக்க மூலையில் விரலை வைத்து, "இது ஆர்?" என்று கேட்பார். மாமாவா, சித்தப்பாவா என்று நாமும் குனிந்து பார்ப்போம். அங்கே ஒரு கோச்சியின் அரைவாசி நிற்கும்.

எங்கள் மன்னார்ப் பக்கத்து உயிலங்குளத்தில் அவருக்குக் கோச்சி மாஸ்டர் என்று பெயர். மாஸ்டர் பட்டம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்ததால் வந்தது. கோச்சி, அதுதான் எங்கள் ஊரில் ரயில், தானாக வந்து ஒட்டிக்கொண்டது. ரயில்வேயில் ஒரு நாள் சம்பளம்கூட வாங்காதவர். வாங்கியவர்கள் பென்சன் எடுத்ததோடு கோச்சியை மறந்துவிட்டார்கள். வாங்காதவருக்குத்தான் மறக்க முடியவில்லை. இவரைப் போன்றவர்கள் முருங்கனில் இருக்கிறார்கள், பேசாலையில் இருக்கிறார்கள், கடல் தாண்டி ராமேஸ்வரத்திலும் இருக்கிறார்கள். மூக்குக்கண்ணாடி மாறும், பிஸ்கட் டின் மாறாது.

அந்த டின்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூடியில் படம் தேய்ந்துபோன தகர டின். அதற்குள் ஒரு பொலித்தீன் பை, பைக்குள் இன்னொரு பை, அதற்குள் பழைய வேட்டித் துண்டு. துண்டைப் பிரித்தால் கறுப்பு வெள்ளைப் படங்கள். பார்க்க வருகிறவர் முதலில் கிணற்றடிக்குப் போய்க் கை கழுவ வேண்டும். வடை சாப்பிட்ட கை என்றால் சவர்க்காரம் போட வேண்டும். படத்தை ஓரத்தில் பிடிக்க வேண்டும், மூச்சுப் படக்கூடாது. எங்கள் ஊரில் தாலிக்கொடியை அடகு வைக்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு நடுக்கத்தோடு பொட்டலம் அவிழ்ப்பதில்லை.

படங்களில் பெரிய விசேஷம் ஒன்றும் கிடையாது. அதுதான் மாஸ்டரின் விசேஷம். 1938இல் மல்லார்ட் என்ற நீராவி எஞ்சின் இங்கிலாந்தில் மணிக்கு 126 மைல் ஓடிச் சாதனை வைத்ததே, அந்தப் படம் இருக்கிறதா என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"அது சினிமா நடிகன், தம்பி. அதைப் படம் பிடிக்க ஆயிரம் பேர் நிப்பினம். எனக்கு வேணுமெண்டது செவ்வாய்க்கிழமை நேரம் பிந்தி வந்த கோச்சி."

செவ்வாய்க்கிழமை நேரம் பிந்தி வந்த கோச்சியை யார் படம் பிடிப்பார்கள்? ஒருவரும் பிடிப்பதில்லை. ஆகையால் மாஸ்டர் ஊர் ஊராக மற்றவர்களின் குடும்பப் படங்களுக்குப் பின்னால் அதைத் தேடுகிறார். மடு மாதாவின் ஆவணித் திருநாளுக்குப் போய் மடு றோட் ஸ்டேசனில் இறங்கி நின்று எடுத்த படம். கூறைச்சேலை எடுக்க இந்தியாவுக்குப் போனவர்கள் தலைமன்னார் பியரில் பெட்டிகளோடு நின்று எடுத்த படம். செத்த வீட்டுக்கும் போவார். மூன்றாம் நாள்வரை பொறுமையாக இருந்து, அந்த வீட்டுக்காரியிடம் மெல்லக் கேட்பார்: "ஐயா உயிரோடை இருக்கேக்கை கோச்சியடியிலை நிண்டு படம் ஏதும் எடுத்தவரோ?"

அவரிடம் ஒவ்வொரு எஞ்சினுக்கும் சாதகம் உண்டு. பிறந்த ஊர், பிறந்த ஆண்டு, இலக்கம், தகப்பன் பெயர். 340ஆம் இலக்க எஞ்சினின் நாமம் பிரெடரிக் நோர்த், பிறப்பு 1945, தகப்பன் இங்கிலாந்தின் ராபர்ட் ஸ்டீவன்சன் அன்ட் ஹாதோர்ன்ஸ் கம்பெனி. கனடா கொடுத்த டீசல் எஞ்சின்கள் 1954இல் வந்திறங்கின, அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களோடு. "எங்கடை பிள்ளையள் ஒன்ராறியோவுக்கு ஓட முந்தி, ஒன்ராறியோ இங்கை வந்து எங்களுக்காக ஓடினது" என்பார். மூத்த மகளின் பிறந்தநாளைக் கேட்டால் மட்டும் உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிடுவார்.

மனைவி நல்ல மனுசி. "என்னைப் பொம்பிளை பார்க்க வந்த அண்டைக்கு இந்த மனுசன் என்னைப் பார்க்கேல்லை. எங்கடை சுவரிலை மாட்டியிருந்த அப்பாவின்ரை படத்தைத்தான் பார்த்தது. அப்பா ஸ்டேசனிலை போர்ட்டர். பின்னாலை கோச்சி. சீதனம் எவ்வளவு எண்டு கேட்கேல்லை, அந்தப் படத்தைத் தருவியளோ எண்டு கேட்டது." இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தபடி தேத்தண்ணி வைப்பா. படம் இப்போது டின்னுக்குள். மாமனாரை வெட்டாமல் முழுதாக வைத்திருப்பதே பெரிய மரியாதை என்று மாஸ்டர் நினைக்கிறார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் மாஸ்டரின் விறாந்தையில் சபை கூடும். நான்கு பேர்தான். முன்பு ரயில் கேற்றடியில் வேலை செய்த ஒருவர். பழைய தடித்த அட்டை ரிக்கற்றுகளைச் சேர்க்கிற முன்னாள் கடை முதலாளி. இன்றைய வண்டிகளைக் கைத்தொலைபேசியில் சுடுகிற ஓட்டோப் பொடியன். மாஸ்டர் தலைவர். பண்டமாற்றுக்கு எழுதாத சட்டம் உண்டு. ஒரு நீராவி எஞ்சினுக்கு மூன்று டீசல். கப்பலும் கோச்சியும் ஒரே படத்தில் நின்றால் அதற்கு விலை கிடையாது, பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

ஒரு ஞாயிறு நானும் அங்கே அகப்பட்டுக்கொண்டேன். முருங்கன் ஸ்டேசனில் நிற்கிற ஒரு நீராவி எஞ்சின் படம். பின்பக்கம் திகதி இல்லை. திகதி இல்லாத படம் என்றால் சபைக்கு விருந்து.

மாஸ்டர் முத்திரை பார்க்கிற கண்ணாடியை எடுத்தார். "புகை வடக்காலை சாயுது. அப்ப சோளகக் காத்து. வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையிலை."

கேற்றுக்காரர் எட்டிப் பார்த்தார். "மாஸ்டர், உது புகையில்லை, நீராவி. வால்வு ஊதுது. வால்வு ஊதினால் காத்தைக் கேட்டோ போகும்?"

"நிக்கிற எஞ்சின். நிக்கிற எஞ்சினின்ரை நீராவியும் காத்துப்பக்கம்தான் போகும்."

"வாடைக்காத்து எண்டால்?"

"வாடையெண்டால் இந்த மனுசி சேலைத் தலைப்பாலை மூடியிருக்கும்."

எல்லாரும் அந்த மனுசியைப் பார்த்தோம். எங்கள் மூதாட்டி யாரோ ஒருத்தி, அறுபது வருடங்களுக்கு முன் தலைப்பால் மூடாமல் நின்றதால் மாதத்துக்குச் சாட்சியாகிவிட்டாள். முதலாளி அவள் கையிலிருந்த குடை வெயிலுக்கா மழைக்கா என்று தனி வழக்குத் தொடங்கினார். அப்போது ஓட்டோப் பொடியன் படத்தைப் போனில் எடுத்துப் பெருப்பித்துக்கொண்டு வந்தான். ஸ்டேசன் சுவரில் கிழிந்த சினிமாப் போஸ்டர். எம்.ஜி.ஆரின் ஒரு தோளும், 'வீட்டுப் பிள்ளை' என்ற எழுத்தும். 'எங்க வீட்டுப் பிள்ளை' 1965இல் வந்த படம். வழக்கு முடிந்தது என்று நான் செருப்பைத் தேடினேன்.

"பொறு தம்பி," என்றார் முதலாளி. "அந்தப் படம் மன்னாரிலை எத்தினை தரம் ஓடினது?"

மறுபடியும் உட்கார்ந்தேன். மத்தியானச் சோறு அங்கேதான்.

மாஸ்டரின் மகன் லண்டனில். போன புதிதில் பிக் பென், அரண்மனை, கரடித்தோல் தொப்பி போட்ட காவலாளி என்று படங்கள் அனுப்பினான். தகப்பன் ஒரே வரியில் பதில் போட்டார்: "கட்டிடம் ஓடாது. ஓடுறது ஏதும் இருந்தால் அனுப்பு." இரவு முழுதும் பெற்றோல் செற்றில் நின்றுவிட்டுக் காலையில் தூக்கக் கலக்கத்தோடு ரயில் மேடையின் ஓரத்தில் போய் நின்று படம் பிடித்தான் அந்தப் பிள்ளை. அங்கே ஏற்கெனவே ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நின்றார். கழுத்தில் கமரா, கையில் கொப்பி, பையில் தேத்தண்ணிப் போத்தல். மகன் போனில் சொன்னானாம்: "அப்பா, உங்களை இங்கையும் கண்டனான். நிறம்தான் வேறை."

உண்மையில் அங்கே இது ஒரு பெரிய சாதி. 1942இல் சதர்ன் ரயில்வேயின் அலுவலகத்தில் வேலை செய்த இயன் அலன் என்ற இளைஞர், தம் கம்பெனி எஞ்சின்களின் இலக்கங்களை ஒரு சின்னப் புத்தகமாக அச்சிட்டு விற்றார். பள்ளிக்கூடப் பையன்கள் அதை வாங்கிக்கொண்டு ஸ்டேசன்களில் நின்று, கண்ட இலக்கத்தின் கீழே கோடு போட்டார்கள். அந்தப் பையன்கள் கிழவர்களானார்கள், கோடு போடுவது நிற்கவில்லை. 1963இல் பீச்சிங் என்பவரின் அறிக்கை நட்டத்தைக் காட்டி 2,363 ஸ்டேசன்களை மூடச் சொன்னது. 1968 ஆகஸ்ட் 11ஆம் திகதியோடு அவர்களுடைய முதன்மைப் பாதைகளில் நீராவி வண்டி ஓய்ந்தது. அந்தக் கடைசி வண்டியைப் பாதை நெடுகக் கூட்டம் கூடிப் படம் எடுத்தது. மகன் கண்ட கிழவரிடம் இருந்த படங்களோ, மூடப்பட்ட ஏதோவொரு சிற்றூர் ஸ்டேசனில் மழைக்குள் நிற்கிற இரண்டு பெட்டி வண்டி, நிலக்கரி ஏற்றிய சாமான் கோச்சி, ஆளே இல்லாத மேடை. மகன் அனுப்பிய அவற்றின் பிரதிகளைப் பார்த்துவிட்டு மாஸ்டர், "மனுசன் எங்கடை ஆள்" என்று சொன்னார்.

அன்றிலிருந்து இருவருக்கும் கடிதப் போக்குவரத்து. சுகம் விசாரிப்பு இல்லை, வெறும் இலக்கங்கள். ஆறாவது கடிதத்தில்தான் வெள்ளைக்காரருக்கு மனைவி இருக்கிறாள் என்று தெரிய வந்தது. அதுவும் ஒரு படத்தில் எஞ்சினின் இலக்கத்தை மறைத்துக்கொண்டு அவள் நின்றதால், மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தார். ஒரே ஒரு விஷயத்தில்தான் மாஸ்டர் அவருக்கு விட்டுக்கொடுக்க மாட்டார். அங்கே தண்டவாளங்களுக்கு இடையே 4 அடி எட்டரை அங்குலம். இங்கே ஐந்தரை அடி. "தனக்கு ஒடுக்கமாய்ப் போட்டு வைச்சுக்கொண்டு எங்களுக்கு ஒன்பதரை அங்குலம் கூட்டித் தந்திருக்கிறான். வெள்ளைக்காரன் தாராளமாய்த் தந்தது அது ஒண்டுதான்."

மாஸ்டரைப் பார்த்துச் சிரிப்பவர்களில் நானும் ஒருவன். ஆனால் 1990இல் போரினால் தலைமன்னார்க் கோச்சி நின்ற பிறகு சிரிப்புக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. தண்டவாளம் பதுங்குகுழிகளுக்குக் கூரையானது. சிலிப்பர் கட்டைகளும் அதே வழியில் போயின. பாதை போட்ட மேட்டில் பற்றை வளர்ந்தது. சமாதான காலத்தில் உயிலங்குளத்திலேயே சோதனைச் சாவடி வந்தது. இந்தப் பக்கம் ஒரு படை, அந்தப் பக்கம் ஒரு படை, நடுவில் வெறும் றோட்டு. மாஸ்டர் டின்னோடு அதைக் கடந்தார். முதல் பக்கத்துப் பொடியன் துண்டை அவிழ்த்துப் பார்த்தான்.

"இது என்ன?"

"கோச்சி."

"எங்கை ஓடுது?"

"ஒரு இடமும் ஓடேல்லை."

நடுவில் நடந்து மற்றப் பக்கம் போனார். அங்கே நின்ற பொடியனும் துண்டை அவிழ்த்தான். அதே கேள்வி, அதே பதில். இரண்டு பேருமே கை கழுவாமல் படத்தைத் தொட்டார்கள் என்பதுதான் மாஸ்டரின் ஒரே முறைப்பாடு. அந்தப் பொடியங்களுக்கு விவரம் தெரிந்த காலத்தில் இந்தப் பக்கம் கோச்சி என்று ஒன்று ஓடியதேயில்லை. டின்னில் இருந்ததுதான் அவர்கள் கண்ட முதல் மன்னார்க் கோச்சி.

அவரிடம் இல்லாத படம் ஒன்று உண்டு. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான பின், மலைநாட்டிலிருந்து தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்கு வந்த வண்டி. அங்கிருந்து இராமானுஜம் கப்பலில் அவர்களை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். பிறந்த மண்ணையும் உறவையும் பிரிந்து அழுதுகொண்டே வந்ததால், அந்த மக்கள் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்தார்கள். 1984இல் கப்பல் நிற்கும்வரை அப்படி எத்தனையோ வண்டிகள் எங்கள் வயல் ஓரத்தால் போயிருக்கின்றன. ஏறி வந்தவர்களிடம் கமரா இல்லை. கமரா வைத்திருந்தவர்கள் அந்த வண்டியில் ஏறவில்லை. இதைச் சொல்லும்போது மட்டும் மாஸ்டர் எஞ்சின் இலக்கத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

பிறகு இந்தியாவின் இர்கொன் நிறுவனம் புதுத் தண்டவாளம் போட்டது. 2015 மார்ச் 14ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடி தலைமன்னாரில் கொடியசைக்க, இருபத்தைந்து வருடங்களுக்குப் பிறகு வண்டி புறப்பட்டது. ஊர் முழுக்கக் கையில் போனோடு பாதையோரம் நின்றது. மாஸ்டர் அன்று வீட்டை விட்டு வெளிக்கிடவேயில்லை. எங்களுக்குப் பயமாகப் போய்விட்டது, சுகமில்லையோ என்று.

"மாலை போட்ட கோச்சி மாப்பிள்ளை மாதிரி, தம்பி. மாலை கழட்டினாப் பிறகுதான் ஆளைத் தெரியும்."

விழா எல்லாம் அடங்கிய பிறகு ஒரு காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு முருங்கனுக்குப் போனார். அன்று எடுத்த படம் டின்னில் இருக்கிறது. மாலை இல்லை, கொடி இல்லை. ஒரு கிழவி வாழைக்குலையோடு ஏறப் பார்க்கிறா, குலை கதவில் சிக்கியிருக்கிறது, பின்னால் நிற்பவன் கொட்டாவி விடுகிறான். மாஸ்டரின் சேகரிப்பில் அதற்குத்தான் முதலிடம். எத்தனை நீராவி கொடுத்தாலும் மாற்ற மாட்டார்.

உங்கள் வீட்டு அலுமாரியிலும் ஒரு பழைய அல்பம் இருக்கும். இன்று பின்னேரம் எடுத்துப் பாருங்கள். அப்பா, அம்மா, பெட்டி, படுக்கை எல்லாம் கொஞ்சம் ஒதுங்கட்டும். பின்னால் அரைக் கோச்சி ஒன்று நின்றால், எறிந்துவிடாமல் உயிலங்குளம் வரை கொண்டு வாருங்கள். யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள். வரும்போது வடை வாங்கி வர வேண்டாம்.