ஊரெல்லாம் டெய்லர்

தையல் மெஷினில் புதிதாகப் பழகுகிறவர் ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்தில் குடியிருந்தால் ஒரு சங்கடம் உண்டு. மற்ற ஊர்களில் கோணல்மாணலாகத் தைத்துக் காட்டினாலும், "அட, நீங்களே தைச்சதா!" என்று நாலு பேர் வாய்பிளப்பார்கள். இங்கே மாடி வீட்டு மாமா துணியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடிப்பார். ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் விழுந்திருக்கிறது என்று நகத்தை வைத்து எண்ணுவார். எண்ணி முடித்ததும், "ரிஜெக்ட்மா" என்று திருப்பித் தந்துவிடுவார்.

மாமாவைக் குறைசொல்ல முடியாது. அவர் ஓ.சி.எஃப். ரிட்டயர்டு. 1961-இல் ஆவடியில் தொடங்கிய அந்த ராணுவ உடைத் தொழிற்சாலை, 2021 அக்டோபர் 1 முதல் கான்பூரைத் தலைமையகமாகக் கொண்ட ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட் என்ற பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் வந்துவிட்டது. ஆனாலும் ஆட்டோக்காரரிடம் ஓ.சி.எஃப். என்று சொன்னால்தான் வண்டி நகரும். சிப்பாய் குனிந்து நிமிரும்போது பேன்ட் தையல் விடக்கூடாது என்ற கவலையிலேயே முப்பது வருடம் சம்பளம் வாங்கியவர், பக்கத்து வீட்டுத் தலையணை உறையை மட்டும் எப்படிச் சும்மா விடுவார்?

தையல் மெஷினுக்கும் ராணுவத்துக்கும் இந்தத் தொடர்பு ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. பிரான்ஸில் தீமோனியே என்ற தையற்காரர் 1830-இல் காப்புரிமை வாங்கி, பாரிஸில் எண்பது மெஷின்கள் வரை போட்டுத் தைத்தது ராணுவச் சீருடைதான். மறு வருடமே ஊர் தையற்காரர்கள் திரண்டு வந்து, தங்கள் பிழைப்பு போய்விடும் என்று மெஷின்களை அடித்து நொறுக்கினார்கள். பாபினில் நூல் சிக்கிய ராத்திரிகளில், அந்தக் கூட்டத்தில் தானும் இருந்திருக்கலாமே என்று தோன்றாத பழகுநர் இல்லை.

நம் கட்டுரையின் நாயகி, திருமுல்லைவாயிலில் வசிக்கும் ஓர் அக்கவுண்டன்ட் அம்மா. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கையோடு, மாமியார் காலத்துக் கறுப்பு உஷா மெஷினை மூடியிருந்த போர்வையை விலக்கினார். இழுப்பறையில் ஒரு தகர டப்பா நிறையப் பட்டன், துருப்பிடித்த ஊக்குகள், நுனி உடைந்த அளவு டேப், எப்போதோ காலாவதியான ஒரு ரேஷன் கார்டு. பாபின் கேஸைத் தவிர எல்லாம் இருந்தது.

1924-இல் இயந்திரங்களைப் பற்றிக் காந்தியிடம் கேட்டபோது, அவர் சிங்கர் தையல் மெஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துச் சிரமப்படுவதைப் பார்க்கச் சகிக்காமல் சிங்கர் அதைக் கண்டுபிடித்தார் என்பது அவர் சொன்ன காரணம். அவர் மனதில் இருந்தது பாபின் கேஸோடு கூடிய மெஷினாகத்தான் இருக்கவேண்டும்.

பாபின் கேஸ் ஒன்று வாங்கிப் போட்டு அம்மா தைக்க உட்கார்ந்ததும் தெருவே ஆலோசனைக் குழுவாகிவிட்டது. எதிர்வீட்டு அக்கா அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை பார்த்தவர். அங்கே சட்டையை ஒருத்தர் முழுதாகத் தைப்பதில்லை. ஒருவர் காலர், ஒருவர் கஃப், ஒருவர் பாக்கெட் என்று லைனில் துணி நகர்ந்துகொண்டே போகும். அக்கா பதினோரு வருடம் கஃப் மட்டுமே தைத்தவர். அந்த வேகத்தில் கஃப் தைக்க ஜில்லாவில் ஆள் கிடையாது. "கஃப் ஏதாவது இருந்தா குடுங்கம்மா, ரெண்டு நிமிஷத்துல போட்டுத் தர்றேன்" என்று அன்றாடம் கேட்டுவிட்டுப் போவார். தலையணை உறைக்குக் கஃப் கிடையாது என்பதுதான் பிரச்சினை.

மூன்றாமவர் 1949-இல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் கம்பெனியில் ஃபிட்டராக இருந்த தாத்தா. துணி, நூல், அளவு எதைப் பற்றியும் அவருக்குக் கருத்து இல்லை. எல்லாக் கோளாறுக்கும் அவர் மருந்து எண்ணெய். மெஷினில் எங்கெல்லாம் ஓட்டை தெரிகிறதோ அங்கெல்லாம் ரெண்டு சொட்டு விட்டார். மெஷின் வழவழவென்று ஓடியது. அடுத்த நான்கு நாட்களுக்கு அம்மா தைத்ததில் எல்லாம் எண்ணெய்க் கறை. (எண்ணெய் போட்டதும் வேண்டாத துணியில் கொஞ்ச நேரம் சும்மா ஓட்டித் துடைக்கவேண்டும். தாத்தா அதைச் சொல்வதற்குள் டிபன் நேரம் வந்துவிட்டது.)

தையல் கற்றுத்தரும் இடங்களில் முதல் பாடத்துக்குத் துணியே கிடையாது. நூல் கோக்காத ஊசியால் கோடுபோட்ட நோட்டுத் தாளில் கோட்டின் மேலேயே ஓட்டச் சொல்வார்கள். மிதி மெஷினில் இது அவமானகரமான பாடம். சக்கரம் நம் பக்கமாகச் சுற்றவேண்டும்; பழகாத கால் அதைப் பின்பக்கமாகச் சுற்றிவிடும். நூல் இருந்தால் உடனே அறும். தாளில் கோடு கிழக்கே போக, ஊசி ஓட்டை வடகிழக்கே போயிற்று. ஆடிட்டில் ஐந்து பைசா வித்தியாசத்துக்காக ராத்திரி பத்து மணிவரை உட்கார்ந்தவர் அம்மா. நான்கு அங்குல வித்தியாசத்தை அவரால் எந்தக் கணக்கிலும் எழுத முடியவில்லை.

பிறகு வந்தது நூல் சிக்கல். துணிக்கு அடியில் நூல் சுருண்டு கொத்தாகத் தொங்கும். அடியில் சிக்குவதால் எல்லோரும் அடியில் இருக்கிற பாபின் கேஸ் ஸ்க்ரூவைத்தான் திருகுவார்கள். தப்பு பெரும்பாலும் மேலே இருக்கும். மேல் நூல் டென்ஷன் தட்டுக்குள் சரியாக உட்கார்ந்திருக்காது, அல்லது துணியை அழுத்தும் காலை இறக்காமலே தைக்கத் தொடங்கியிருப்பார்கள். கீழே உள்ளவன் மாட்டிக்கொள்வதும் மேலே உள்ளவன் தப்பித்துக்கொள்வதும் அம்மாவுக்கு ஆபீஸிலேயே பழக்கம் என்பதால், இதை மட்டும் சட்டென்று புரிந்துகொண்டார்.

முதலில் என்ன தைப்பது? வழக்கமாகத் தலையணை உறை என்பார்கள். அது யாரோ நன்றாகத் தைக்கத் தெரிந்தவர் பரப்பிய வதந்தி. தலையணை 17-க்கு 27 அங்குலம் என்றால், புதிதாகப் பழகுகிறவர் துணியையும் 17-க்கு 27 என்றே வெட்டுவார். தலையணை உள்ளே போகாது. உள்மடிப்போடு உறை வேண்டுமென்றால் அகலம் 18, நீளம் 62 அங்குலம் வேண்டும்: இரு பக்கத்துக்கு 54, உள்ளே மடிய 6, ஓரம் மடிக்க 2. தைப்பதற்கு முன் பருத்தித் துணியை நனைத்துக் காயப்போடாவிட்டால் முதல் சலவையில் இந்தக் கணக்கும் சுருங்கும். எல்லாவற்றையும் விட, தலையணை உறை ஜோடியாக வேண்டும். ஒரே ஆள், ஒரே துணி, ஒரே நாள். ஆனாலும் இரண்டும் ஒரே அளவில் வந்ததாகச் சரித்திரம் இல்லை.

சரியான ஆரம்பம் மஞ்சப்பைதான். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழகத்தில் தடை வந்தது; 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது; மறு வருடம் கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் மெஷினையே வைத்தார்கள். பத்து ரூபாய்ப் பையை வீட்டில் தைக்க அம்மாவுக்கு ஆன செலவு, எண்ணெய்க் கறையில் போன துணியையும் சேர்த்தால், வெளியே சொல்லக்கூடியது அல்ல. ஆனால் பையில் வளைவு கிடையாது, எல்லாம் நேர்கோடு. 16-க்கு 36 அங்குலக் காடாத்துணியை இரண்டாக மடித்து, இரு பக்கமும் அரை அங்குலம் விட்டு அடித்து, வாயை மடித்துத் தைத்தால் பை. கைப்பிடி சேரும் இடத்தில் சதுரமாக ஒரு சுற்று, குறுக்கே பெருக்கல் குறி. கிலோக் கணக்கில் வெங்காயம் வைத்தாலும் பிய்யாது. அம்மாவின் முதல் பையில் ஒரு கைப்பிடி முறுக்கிக்கொண்டது. உள்ளே முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தபோது அதை யார் கவனித்தார்கள்?

பைக்கு அடுத்து முகக்கவசம் சொல்லலாம். கொரோனா பரவிய 2020-இல் ஆவடி ஓ.சி.எஃப்.பில் ராணுவ உடையோடு மருத்துவப் பணியாளர்களுக்கான முழு உடல் கவச உடையும் தைத்தார்கள். தமிழகமெங்கும் சுயஉதவிக் குழுப் பெண்கள் முகக்கவசம் தைத்தார்கள். ஒரு செவ்வகம், மூன்று மடிப்பு, இரண்டு எலாஸ்டிக். தைத்தது கோணலாக இருந்தாலும் கேட்பாரில்லை, ஏனென்றால் போட்டவர்களில் பாதிப்பேர் தாடையில்தான் போட்டார்கள்.

வகுப்புகளில் முதல் உடுப்பாக வருவது குழந்தைக்கான ஜபலா. போட்டுக்கொள்கிறவர் குறைசொல்லமாட்டார் என்ற வசதி இதில் உண்டு. அம்மா பேத்திக்காக ஜபலா வெட்டினார். கழுத்துக்குப் பைப்பிங் வைத்து முடிப்பதற்குள் பேத்தி எல்.கே.ஜி. போய்விட்டாள். பொம்மைக்குச் சரியாக இருக்கிறது.

தைக்கத் தெரியாதவர் கைக்கு மெஷின் போகிற விஷயத்தில் சமூகநலத்துறை உஷார். சத்தியவாணி முத்து அம்மையார் பெயரிலான திட்டத்தில் ஏழைப் பெண்களுக்கு இலவசத் தையல் மெஷின் கொடுக்கும்போது, தையல் தெரியும் என்பதற்குச் சான்றிதழ் கேட்கிறார்கள். மாமியார் வழி வரும் மெஷினுக்கு அப்படி நிபந்தனை எதுவும் கிடையாது.

ஆறு துண்டுப் பாவாடை வரை அம்மா வந்துவிட்டார். நாடாவை ஊக்கில் மாட்டி இடுப்புப் பட்டிக்குள் ஓட்டும்போது ஊக்கு நடுவழியில் திறந்துகொள்கிறது என்பது தவிரக் குறையில்லை. "பாஸ்மா, ஆனா செகண்ட்ஸ்" என்று மாடி வீட்டு மாமாவே கையெழுத்துப் போடாத குறையாகச் சொல்லிவிட்டார்.

பிளவுஸ் மட்டும் இன்னும் பூந்தமல்லி டெய்லரிடம்தான். "புதன்கிழமை வாங்கக்கா" என்பார். எந்தப் புதன் என்று கேட்கும் வழக்கமில்லை. கரண்ட் இல்லை, மெட்ரோ வேலைக்காக ரோட்டை அடைத்துவிட்டார்கள், காஜா போடும் பையன் ஊருக்குப் போயிருக்கிறான் என்று காரணங்கள் வரிசையாக வரும். அவசரமென்றால் ஆடி மாதம் போவது நல்லது. கல்யாணம் இல்லாத மாதம். அளவெடுக்கும்போதே தேதியும் சொல்லிவிடுவார்.