வசம்பும் கிரைப் வாட்டரும்

எழுபதுகளில் கோவில்பட்டியில் எங்கள் குடும்பத்தைப் பற்றி அதிகம் தெரிந்தவர் யார் என்று கேட்டால் அப்பாவைச் சொல்ல மாட்டேன். தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சியைத்தான் சொல்வேன். சம்பளம் எவ்வளவு என்பது அப்பாவுக்குத் தெரியும். அது எந்தத் தேதியோடு தீர்ந்தது என்பது அண்ணாச்சிக்குத்தான் தெரியும்.

அவருடைய பற்று நோட்டில் ‘வாத்தியார் வீடு’ என்று எங்களுக்கு ஒரு பக்கம். ரவையும் சீனியும் சேர்ந்தாற்போல் வாங்கினால், “விருந்தாளி யாரு?” என்பார். மாதக் கடைசியில் துவரம்பருப்பு கால் கிலோவுக்கு இறங்கினால் ஒன்றும் கேட்க மாட்டார். கேட்காத அன்றைக்குத்தான் அம்மாவுக்குக் கூச்சமாக இருக்கும்.

ஒருநாள் வசம்பும் ஓமமும் வாங்கப் போனேன். தராசை அப்படியே நிறுத்திவிட்டார். “எலே, ஒங்க வீட்ல யாருக்குப் பிள்ள பொறந்திருக்கு?” கடையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். “எங்க வீட்ல இல்ல அண்ணாச்சி, பக்கத்து வீட்டு அக்காவுக்கு.” “அப்பிடிச் சொல்லு” என்று காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, எங்கள் பக்கத்தில் எழுதியதை அடித்து, அக்கா வீட்டுப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டார். ஒரே கோடு. விவகாரம் முடிந்தது.

அவரைப் புனிதராக்க வேண்டியதில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் எங்கள் வீட்டுப் படியேறும் முன் அவர் கடைக்குத்தான் போவார்கள். பாக்கி உண்டா, தேதிக்குத் தீர்ப்பார்களா, பெரியவருக்குக் குடி உண்டா என்று எல்லாத் தகவலும் அங்கே கிடைக்கும். விலை, ஒரு கோலி சோடா. சில சமயம் அதையும் அவரே வாங்கிக் கொடுத்துவிடுவார்.

பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டதில், அமெரிக்காவிலும் தகவல் விற்கும் இந்த வம்சம் மளிகைக்கடையில்தான் தொடங்கியிருக்கிறது. டென்னசி மாநிலத்தின் சட்டனூகா ஊரில் கேட்டர் உல்ஃபோர்ட் என்றொரு மளிகைக்காரர். கடனை ஒழுங்காகத் தீர்ப்பவர் யார், இழுத்தடிப்பவர் யார் என்று பட்டியல் போட்டார். சக கடைக்காரர்களுக்கு அது இனித்தது. 1899-இல் சகோதரரைச் சேர்த்துக்கொண்டு அட்லாண்டாவில் ‘ரீடெயில் கிரெடிட் கம்பெனி’ தொடங்கினார். 1975-இல் அது ‘ஈக்விஃபாக்ஸ்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2017-இல் அதன் கணினிக்குள் புகுந்தவர்கள் ஏறத்தாழ 14.7 கோடி அமெரிக்கர்களின் விவரங்களை அள்ளிப் போனார்கள். எங்கள் அண்ணாச்சியின் நோட்டு களவு போயிருந்தால் தெருவே தேங்காய் உடைத்திருக்கும்.

இப்போது சென்னைக்கு வருகிறேன். பக்கத்து ஃபிளாட்டில் பேரன் பிறந்திருக்கிறான். ராத்திரி வயிற்று வலியில் கத்துகிறான், கிரைப் வாட்டர் வாங்கி வரச் சொன்னார்கள். மருந்துக்கடை கவுன்ட்டரில், “நம்பர் சொல்லுங்க சார்.”

“ஒரு பாட்டிலுக்கு எதுக்குப்பா நம்பர்?”

“சிஸ்டம் கேக்குது சார்.”

அண்ணாச்சி கேட்டால் அது அண்ணாச்சி கேட்டதுதான். இங்கே கேட்பது சிஸ்டம். போன் நம்பர் தராவிட்டால் பில் போட மாட்டேன் என்று கடைகள் வற்புறுத்தக் கூடாது என, 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அறிவுறுத்தியிருக்கிறது. அதை எடுத்துச் சொல்லலாம் என்று பார்த்தால், பின்னால் நின்றவர் “சட்டுனு சொல்லுங்க சார்” என்றார். சொன்னேன்.

அடுத்த வாரமே வந்தது: ‘அன்புள்ள அம்மா, உங்கள் செல்லத்துக்கு டயபர் தள்ளுபடி.’ நான் ஓய்வு பெற்று, முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் ஆள். அதைத் தொடர்ந்து திட உணவு, பல் முளைக்கும் காலம், தவழும் காலம். மாதம் தவறாமல் யாரோ என் பிள்ளையை வளர்த்தார்கள்.

அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்டிசி 2014-இல் ஒன்பது தகவல் தரகு நிறுவனங்களை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அவற்றில் ஒன்றிடம் மட்டுமே கிட்டத்தட்ட ஒவ்வொரு அமெரிக்கரைப் பற்றியும் 3,000 விதமான தகவல் பிரிவுகள் இருந்தன. பிள்ளை எதிர்பார்ப்பவர் என்று ஒரு ஜாபிதா, நீரிழிவில் ஆர்வமுள்ளவர் என்று இன்னொன்று. (நீரிழிவில் யாருக்கு ஆர்வம் வரும்? லட்டில் வரும்.) நான் எந்த ஊர் ஜாபிதாவில் தாயாக இருக்கிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். மருந்துக்கடைப் பையன், “அதெல்லாம் ஹெட் ஆபீஸ் சார்” என்றான். கடன் வேண்டுமா என்று கூப்பிட்ட பெண், “டேட்டாபேஸ்ல இருக்கு சார்” என்றாள். யார் டேட்டாபேஸ் என்றேன். லைன் கட்.

சட்டம் இல்லாமல் இல்லை. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் விதிகள் வந்தன, பெரும்பாலான கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம். மீறினால் அபராதம் 250 கோடி வரை. அவகாசம் முடிந்ததும், தவறான தகவலைத் திருத்தச் சொல்லவும் அழிக்கச் சொல்லவும், யாரிடம் கொடுத்தாய் என்று கேட்கவும் எனக்கு உரிமை உண்டு. ஆக, அண்ணாச்சி பென்சிலால் போட்ட அந்த ஒரு கோட்டை நாடாளுமன்றம் எனக்குக் கொடுத்துவிட்டது. கோடு போட வேண்டியவர் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை நான்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

போன வாரம் வந்தது: ‘உங்கள் செல்லம் பள்ளிக்குத் தயாரா? பிரீ கேஜி அட்மிஷன் நடைபெறுகிறது.’ மனைவியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்துவிட்டு, “ஒம்பதுலேர்ந்து பன்னெண்டு வரைக்குமாம். வேனும் உண்டாம். பேசாம சேந்துடுங்களேன்” என்றாள்.