ஹட்டன் வட்டார ஊசியியல்: ஒரு முன்னாய்வு

தையற்கலை நூல்கள் எல்லாம் ஒரே விதியைத்தான் ஓதுகின்றன: முதலில் துணியைப் பார், பிறகு ஊசியை எடு. வாயில் போன்ற மெல்லிசுக்கு 9 அல்லது 11, சட்டைத் துணிக்கு 14, டெனிமுக்கு 16, கான்வஸுக்கு 18. இதைத் 'துணிமுதல்வாதம்' என்போம். டிக்கோயா, மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் வழங்குவது 'ஊசிமுதல்வாதம்'. மெஷினில் எந்த ஊசி இருக்கிறதோ, அது தாங்கும் துணிதான் இன்றைக்குத் தைக்கப்படும்.

காலப் பகுப்பு இல்லாத ஆய்வுக்கு மதிப்பில்லை. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்டது 1867இல். சிங்கர் நிறுவனம் இலங்கைக்கு வந்தது 1877இல். இடைப்பட்ட பத்தாண்டுகளைக் 'கையூசிக் காலம்' எனத் துணியலாம். அதற்குப் பிறகும் வெகுகாலம் லயத்தில் கையூசிதான் ஓடியது என்று பாட்டிமார் சொல்வது எம் பகுப்பைக் குலைப்பதால் ஏற்கப்படவில்லை.

ஊசி உறையில் 90/14 என்று இரண்டு எண்கள் இருக்கும். 90 என்பது ஊசித்தண்டின் விட்டம், அதாவது 0.9 மில்லிமீட்டர். 14 என்பது சிங்கர் வழிவந்த எண். அளவைச் சொல்லும் 90ஐ ஹட்டன் டவுனில் யாரும் சீந்துவதில்லை. "பதினாலாம் நம்பர் ஒண்ணு குடுங்கண்ணே" என்றால் வேலை முடிந்தது.

ஊசிமுதல்வாதத்துக்கென ஒரு வரிசை உண்டு. புது ஊசி மாட்டிய அன்று தீபாவளிப் பாவாடை. பிறகு, 1993 முதல் அரசு இலவசமாகத் தரும் சீருடைத் துணி. வெள்ளையில் ஊசித்துளை தெரியும் என்பதால் இதையும் தள்ளிப்போட முடியாது. முனை மழுங்க மழுங்கத் தலையணை உறை, ஜன்னல் திரை, கடைசியில் படங்கு. எட்டு மணிநேரத் தையலுக்கு ஒரு ஊசி என்ற நூல்விதியை எம் தகவலாளரான தையல் அக்காவிடம் எடுத்துரைத்தோம். "ஒடையாத ஊசிய எதுக்கு சார் மாத்தணும்? மொட்டையாப் போனா அரைப்பேர் போட்டு ஓட்டிக்குவேன்" என்றார். பறித்த கொழுந்து நிறுவையில் குறைந்தால் அரைநாள் கூலியாக விழும் அதே அரைப்பேர்தான். மழுங்கல் பற்றி இதைவிடத் துல்லியமான அளவுகோல் எம் பார்வைக்கு வரவில்லை.

தடை: பழைய ஊசி மழுங்குமே தவிரப் பருக்காதே, 14 எப்படி 18 ஆகும்? விடை: ஆகாது. தேயிலைச் செடி கீறாமலும் பனி நனைக்காமலும் இடுப்பில் கட்டும் படங்கு முரட்டுச் சரக்கு. ஓரம் மடித்தால் இன்னும் தடிக்கும். 14 அதில் வளைந்து, அடித்தகட்டில் இடித்து, ஒடிகிறது. ஒடிவதால் புது ஊசி வருகிறது. புது ஊசி வந்தால் மறுபடியும் பாவாடை. கோட்பாட்டின் சக்கரம் சுழல்வதே படங்கின் புண்ணியத்தில்தான். கோணி ஊசியால் கையில் தைக்கலாமே என்பார், சக்கரத்தை நிறுத்தப் பார்க்கிறார்.

மற்றொரு தடை: பனியன் துணிக்கு உருண்டை முனை ஊசி வேண்டும் என்கிறார்களே, மழுங்கியதும் உருண்டைதானே? அன்று. உருண்டை முனை வழவழப்பாகச் செய்யப்பட்டது. இழைகளை விலக்கிக்கொண்டு இறங்கும். மழுங்கிய முனையில் பிசிறு நிற்கும். இழையைக் கொத்தி இழுக்கும். நகத்தின் மேல் மெல்ல ஓட்டிப் பார்த்தால் கீறலே சொல்லிவிடும்.

இனி, தையல் விட்டுவிட்டு விழுந்தால் நம்பரைத் திட்டுவது மரபு. உண்மையில் பலமுறை ஊசி திருப்பி மாட்டப்பட்டிருக்கும். ஊசி கீழிறங்கிச் சற்றே மேலெழும்போது நூல் ஒரு கண்ணியாக விரியும். அதைக் கீழேயுள்ள கொக்கி கவ்வ வேண்டும். தட்டைப் பக்கம் மாறினால் கண்ணி ஒருபுறம், கொக்கி மறுபுறம். பழைய கறுப்பு மெஷின்கள் பலவற்றில் தட்டைப் பக்கம் பக்கவாட்டில் நிற்கும். முன்னாலிருந்து நூல் கோக்கும் புது மெஷினில் பின்னால். அம்மாவின் பழக்கம் பழையதில், மகளுடையது சீதனத்தில் வந்த புதுசு. ஒருவர் மாட்டியதை மற்றவர் கழற்றித் திருப்புகிறார். இவ்வழக்கில் இரு வாதங்களும் வாய் திறக்கவில்லை, ஆய்வாளரும் தலையிடவில்லை.

தோட்டத்துப் பெரிய துரையின் கோட்டுக்கு எந்த ஊசி என்ற வினா, கோட்டு கொழும்பில் தைக்கப்படுவதால், ஆய்வெல்லைக்கு வெளியே விடப்பட்டது.