பின்வாசல் வழியே பாரிஸ்

பாரிஸைப் பார்க்க இரண்டு வழி உண்டு. காசிருப்பவர்களுக்கு முன்வாசல். அவர்கள் ஈபிள் கோபுரத்தில் ஏறுவார்கள், லூவ்ரில் ஐம்பது தலைகளுக்குப் பின்னால் எம்பி எம்பி மோனாலிசாவைப் பார்ப்பார்கள், மாலையில் நடைபாதை மேசையில் உட்கார்ந்து எட்டு யூரோவுக்குக் கால் தம்ளர் ஒயின் குடிப்பார்கள். காசில்லாத இளவட்டங்களுக்குப் பின்வாசல். அது பெரும்பாலும் குப்பைத்தொட்டிக்கும் காலி பாட்டில் பெட்டிகளுக்கும் நடுவே இருக்கும். தள்ளினால் நீராவி முகத்தில் அடிக்கும். உள்ளே ஒருவன் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பான். கொஞ்ச காலம் அந்த ஒருவன் நான்.

நான் போனது பிரெஞ்சு படிக்க. படித்துக்கொண்டே ஐரோப்பாவைச் சுற்றுவதாகத் திட்டம். திட்டத்தில் படிப்பு இருந்தது, ஐரோப்பா இருந்தது, பணம் மட்டும் இல்லை. பிரான்ஸில் வெளிநாட்டு மாணவர் ஆண்டுக்கு 964 மணி நேரம் வேலை செய்யலாம் என்று சட்டம் சொல்கிறது. என்ன வேலை என்று சட்டம் சொல்லவில்லை. என் பிரெஞ்சு சொல்லிவிட்டது. மேசைக்குப் போய் என்ன வேண்டும் என்று கேட்க மொழி வேண்டும். வெங்காயம் நறுக்கக் கைப்பழக்கம் வேண்டும். கழுவுவதற்குக் கை இருந்தால் போதும். முதலாளி கேட்டது இரண்டே கேள்வி: காகிதமெல்லாம் சரியாக இருக்கிறதா, இன்றைக்கே தொடங்க முடியுமா? சாப்பிட்ட தட்டை விட்ட இடத்திலேயே விட்டு எழுந்துபோயே கும்பகோணத்தில் வளர்ந்த ஒரு மகராசன் அன்று சாயங்காலமே தொட்டி முன்னால் நின்றான்.

வீட்டுக்கு ‘ஹோட்டலில் வேலை’ என்று மட்டும் சொன்னேன். அப்பா அதை உறவுக்காரர்களிடம் ‘ஹோட்டல் மேனேஜ்மென்ட்’ ஆக்கினார். பெரியப்பா வாயில் அது ‘பிரான்ஸ்ல உணவுத்துறை’ ஆனது. ஒரு கல்யாண வீட்டில் யாரோ, “உணவுத்துறைன்னா, அங்க ரேஷன் கடையெல்லாம் இவன் கையிலயா?” என்று விசாரித்ததாகக் கேள்வி. அம்மா மட்டும் வீடியோ காலில் என் விரல்களைப் பார்த்துவிட்டு, “கையெல்லாம் ஊறிப்போயிருக்கே, என்னடா பண்றே?” என்றாள். அம்மாக்களிடம் பதவி உயர்வு செல்லுபடியாவதில்லை.

மனதைத் தேற்றிக்கொள்ள எனக்கு முன்னோடிகள் இருந்தார்கள். பீகாரின் மோதிஹாரியில் 1903இல் பிறந்து, பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்து, வேலையை உதறிவிட்டு எழுத்தாளராகப் பாரிஸுக்குப் போன ஜார்ஜ் ஆர்வெல் 1929இல் அங்கே ஓர் ஓட்டலில் பாத்திரம் கழுவினார். அந்த அனுபவத்தை வைத்து 1933இல் முதல் புத்தகமே போட்டுவிட்டார். வியட்நாமின் ஹோ சி மின் 1913இல் லண்டன் கார்ல்டன் ஓட்டலில் வேலை பார்த்தார் என்று ஹேமார்க்கெட் தெருவில் பலகையே பதித்திருக்கிறார்கள். ஒருவர் சாம்ராஜ்யத்தை எதிர்த்து எழுதினார். இன்னொருவர் சாம்ராஜ்யத்தை எதிர்த்துப் போரே நடத்தினார். சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு எண்ணெய்ச் சட்டிகள் தலைக்கு மேல் உயர்ந்து நிற்கும்போது இரண்டு பேர் மனநிலையும் எனக்குத் துல்லியமாகப் புரிந்தது.

பிரெஞ்சுச் சமையலறை ஒரு பட்டாளம். சும்மா சொல்லவில்லை, 1870இல் பிரஷ்யாவோடு நடந்த போரில் ராணுவச் சமையல்காரராக இருந்த ஒகுஸ்த் எஸ்கோஃபியே பிறகு பெரிய ஓட்டல்களின் சமையலறைகளைப் பட்டாள முறைப்படியே அடுக்கினார். மேலே ஷெஃப். அடுத்து சூ ஷெஃப். பிறகு சாஸுக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், சாலட் வகையறாவுக்கு ஒருவர், கடைசியில் கொமி என்கிற கற்றுக்குட்டி. அதற்கும் கீழே, படிக்கட்டு முடிந்துபோன இடத்தில், கழுவுகிறவன். ஷெஃப் எதைச் சொன்னாலும் எல்லோருக்கும் ஒரே பதில்: “வி ஷெஃப்.” வேலை சொன்னாலும் “வி ஷெஃப்”, திட்டினாலும் “வி ஷெஃப்”, எங்கள் ஏழு தலைமுறையையும் சந்தேகித்தாலும் “வி ஷெஃப்.” பிரெஞ்சில் எனக்கு முழுச் சரளம் வந்தது இந்த இரண்டு சொல்லில்தான்.

ஆனால் இந்தப் பட்டாளத்தில் ஒரு ரகசியம் உண்டு. ஷெஃப் வராவிட்டால் சூ ஷெஃப் சமாளித்துவிடுவார். மீன்காரர் வராவிட்டால் மீன் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். கழுவுகிறவன் வராத சனிக்கிழமை மட்டும் எட்டரை மணிக்கு ஒட்டுமொத்தக் கடையும் நின்றுவிடும், தட்டு இல்லாமல். அப்போது பார்த்தால் ஷெஃபே தொப்பியைக் கழற்றிவைத்துவிட்டுத் தொட்டி முன்னால் நிற்பார். இது தெரிந்த நாளிலிருந்து என் “வி ஷெஃப்” கொஞ்சம் நிமிர்ந்துகொண்டது.

அந்தத் தொட்டி மூலையில் என்னை முதன்முதலில் வரவேற்ற குரல் பிரெஞ்சில் இல்லை. “தம்பி, நீர் எந்த ஊர்?” என்றது. 1983க்குப் பிறகு போர் துரத்திவிட்ட ஈழத்தமிழர்கள் பாரிஸ் உணவகங்களின் பின்கட்டில் வேலைக்குச் சேர்ந்தார்கள். கோப்பை கழுவத் தொடங்கி அடுப்பைக் கைப்பற்றியவர்கள் ஏராளம். எங்கள் கடை அடுப்புக்குப் பொறுப்பான அண்ணையும் அப்படி வந்தவர். பிரெஞ்சு கற்கப் போன நான் கடைசியில் தேறியது யாழ்ப்பாணத் தமிழில். “கெதியாக் கழுவும்.” “கிளாஸை வடிவாத் துடையும்.” “கத்தியை மட்டும் சவுக்காரத் தண்ணிக்குள்ள போடாதையும். தெரியாமல் ஆரும் கைவிட்டா விரல் போகும்.” எந்தப் பள்ளியிலும் இவ்வளவு பயனுள்ள மூன்று வாக்கியங்களை எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

அண்ணைக்கு வெள்ளிக்கிழமை மரக்கறி. எங்கள் கடையிலோ வெள்ளிக்கிழமைதான் வாத்துக்குக் கூட்டம். வாத்துக்காலை அதன் கொழுப்பிலேயே மணிக்கணக்கில் இளஞ்சூட்டில் வேகவைக்கும் கோன்ஃபி, சிவப்பு ஒயினில் கொதிக்கும் பூர்கிஞோன் மாட்டிறைச்சி, எல்லாம் அவர் கைப்பக்குவம். ஒரு சொட்டு நாக்கில் வைக்க மாட்டார். மூடியைத் திறப்பார், ஆவியை மூக்கால் ஓர் இழுப்பு இழுப்பார், கண்ணை மூடி ஒரு கணம் நிற்பார், பிறகு கரண்டியைக் கொமியின் வாய்க்கு நேரே நீட்டுவார். நார்மண்டிப் பையன் அவன். “உப்பு?” என்று புருவத்தால் கேட்பார். அவன் விழுங்கி முடிப்பதற்குள் இவர் கை உப்பு டப்பாவுக்குப் போய்விடும். ஒரு வெள்ளிக்கிழமை, முன்பக்கம் சாப்பிட்ட பெரியவர் ஒருவர், ‘என் பாட்டியின் கைமணம் அப்படியே இருக்கிறது’ என்று பரிசாரகர் மூலம் சொல்லியனுப்பினார். அண்ணை மணிக்கட்டில் இருந்த கோயில் நூலை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டே, “மெர்ஸி எண்டு சொல்லு” என்றார். பெரியவரின் பாட்டிக்குப் பருத்தித்துறையில் ஒரு வாரிசு உண்டு என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

மிஷ்லன் டயர் கம்பெனி 1900இல் ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட்டது. 1926 முதல் நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கிறது. அது சாப்பிடுகிறவர்கள் கணக்கு. கழுவுகிறவர்கள் கணக்கு வேறு. என் பட்டியலை இங்கே வெளியிடுகிறேன்.

வெங்காய சூப்: பூஜ்யம். கனத்த பீங்கான் கிண்ணத்தில் சூப்பை ஊற்றி, மேலே ரொட்டித் துண்டு வைத்து, அதன் மேல் சீஸைத் துருவிக் குவித்து, அனலில் காட்டுவார்கள். சீஸ் உருகி விளிம்பைத் தாண்டி வெளிப்பக்கம் வழிந்து கருகும். சாப்பிடுகிறவர் உள்ளே இருப்பதைத் தின்றுவிட்டு அந்தக் கருகலை எனக்கு விட்டுவைப்பார். கழுவும் இயந்திரத்தின் மூடியை இறக்கினால் இரண்டு நிமிடம் கொதிநீர் பீய்ச்சும். திறந்து பார்த்தால் கிண்ணம் பளபளக்கும், சீஸும் சேர்ந்து பளபளக்கும். ஊறவைத்து, கரண்டிக் காம்பால் நெம்பி, கம்பி நாரால் தேய்த்து எடுக்க வேண்டும். பழைய வீட்டுச் சுவரில் காரை பெயர்ப்பதும் இதுவும் ஒரே வேலைதான். கொத்தனாருக்காவது மதியம் டீ கிடைக்கும்.

க்ரெம் ப்ரூலே: பூஜ்யம். மேலே சர்க்கரையை நெருப்பால் கருக்குவது அவர்களுக்கு அலங்காரம், எனக்கு விளிம்பெங்கும் கண்ணாடிச் சில்லு. நத்தை: அரை நட்சத்திரம். குழி குழியான தட்டு. குழிக்குக் குழி பூண்டு வெண்ணெய். மஸ்ஸல் சிப்பி: ஒன்று. ஓடுகள் கலகலவென்று குப்பைத்தொட்டியில் கொட்டிவிடும், சட்டி ஓர் அலசலில் முடிந்தது. ஆனால் அந்தக் குப்பைப் பையை வாசல்வரை தூக்கிப் பார்த்தவனுக்குத்தான் கடல் எவ்வளவு கனம் என்று தெரியும். ஸ்டேக் தார்த்தார், அதாவது பச்சை மாட்டிறைச்சிக் கொத்து: இரண்டு. பார்த்தால் நமக்கு வயிற்றைப் புரட்டும். தட்டோ தண்ணீர் பட்டதும் சுத்தம். முட்டை மஞ்சள்கரு காய்ந்திருந்தால் ஒன்று குறைக்கப்படும்.

பிரெஞ்சுக்காரர்களை இந்த இடத்தில் புகழ்ந்தாக வேண்டும். கடைசித் துளி சாஸையும் ரொட்டியால் துடைத்துத் தின்பார்கள். பெரிய விருந்துகளில் அது நாகரிகமில்லையாம். எங்கள் தொட்டிப் பக்கத்தில் அதைவிட உயர்ந்த நாகரிகம் கிடையாது.

மூன்று நட்சத்திரம்? பிரான்ஸில் எதற்கும் கிடைக்கவில்லை. அதைப் பெற்ற ஒரே பாத்திரம் தஞ்சாவூர்ப் பந்தியில் இருக்கிறது: வாழையிலை. மடி, எடு, மாட்டுக்குப் போடு. ஊறவைக்க வேண்டாம், தேய்க்க வேண்டாம், அடுக்க வேண்டாம். அதைக் கண்டுபிடித்தவர் கண்டிப்பாகச் சாப்பிடுகிறவராக இருந்திருக்க முடியாது.

வேலைநேரத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் பயணக் கணக்கு முடியாது. பிரான்ஸில் சட்டப்படி வாரத்துக்கு 35 மணி நேரம்தான் வேலை. உணவகங்களில் 39 வழக்கம். அதையும் ஒரே மூச்சில் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு பாதி, ராத்திரிக்கு ஒரு பாதி. நடுவில் கூப்யூர் என்று மூன்று மணி நேர இடைவெளி. அறைக்குப் போய்த் திரும்ப நேரம் போதாது. வெளியே உட்காரக் காசு போதாது. ஆகவே பாரிஸை நான் பார்த்ததெல்லாம் இந்த இடைவெளியில்தான். லுக்ஸம்பூர்க் பூங்காவின் பச்சை இரும்பு நாற்காலிகளில் எது தூங்க வாகானது என்று யாராவது கேட்டால் சொல்வேன், சாய்மானம் உள்ளது.

லூவ்ரும் அப்படித்தான் வாய்த்தது. ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் குடியிருக்கும் 26 வயதுக்குட்பட்டவர்களுக்கு அங்கே இலவசம். மதிய வேலை முடிந்து, வாத்துக் கொழுப்பும் பூண்டு வெண்ணெயும் ஊறிய அதே சட்டையோடு நேராகப் போனேன். மோனாலிசா அறையில் வழக்கமான கூட்டம். நான் நிற்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் முன்னால் இருந்த அம்மாள் மூக்கைச் சுளித்துக்கொண்டு நகர்ந்தார். அவருக்கு முன்னால் இருந்த ஜோடி நகர்ந்தது. ஒரு பள்ளிக்கூடக் குழு இரண்டாகப் பிரிந்தது. தள்ளாமல், எம்பாமல், தடுப்புக் கயிற்றுக்கு முதல் ஆளாக நின்று மோனாலிசாவை ஆற அமரப் பார்த்தேன். முன்வாசல்காரர்களுக்கு இது எந்த விலை கொடுத்தாலும் கிடைக்காது.

சேர்த்த காசில் லிஸ்பனுக்கும் போனேன். அங்கே ஒரு சின்னக் கடையில் மீன் சாப்பிட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் முள்ளையெல்லாம் ஒரே தட்டில் வழித்துப்போட்டு, தட்டுகளை அளவு வாரியாக அடுக்கி, கரண்டிகளை ஒரே பக்கமாகத் திருப்பி வைத்தேன். எடுக்க வந்த பையன் தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “நீ எந்த ஊரில் கழுவுகிறாய்?” என்று கேட்டான். பாஸ்போர்ட்டைக் காட்டும்போதுகூட இவ்வளவு சரியாக என்னை யாரும் அடையாளம் கண்டதில்லை. காப்பிக்குக் காசு வாங்கவில்லை.

இப்போது ஊரில் இருக்கிறேன். வெளிநாடு போகிற பிள்ளைகள் யோசனை கேட்டு வந்தால் ஒன்றுதான் சொல்கிறேன்: மொழி வகுப்புக்குச் சேர்வதற்கு முன்னால் வீட்டுத் தொட்டி முன்னால் ஒரு மாதம் நில்லுங்கள். பெற்றோர்களுக்கும் செலவில்லை, பாத்திரமும் சுத்தமாகும். சாப்பிடப் போகிற மற்றவர்களுக்கும் சில வேண்டுகோள்கள் உண்டு. தட்டுக்குள்ளேயே கை கழுவாதீர்கள். டிஷ்யூ காகிதத்தைக் கசக்கித் தம்ளருக்குள் திணிக்காதீர்கள்; அதை எடுக்க ஒருவர் விரலை விட வேண்டியிருக்கிறது. முக்கியமாக, கடை மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது உள்ளே நுழைந்து வெங்காய சூப் கேட்காதீர்கள்.