வா... வா... போதும்!

பொக்லைன் ஓட்டுநருக்கும் கீழே நிற்பவருக்கும் தகவல் தொடர்பே இல்லை என்பவர்கள் ஒருமுறை காஞ்சிபுரம் வர வேண்டும். எங்கள் தெருவில் பள்ளம் தோண்டியபோது கண்ணாரக் கண்டேன். கீழே ஒருவர், தோளில் துண்டு, காதில் செல்போன். வலக்கையை ஒரு வீசு வீசினார். அதற்கு ‘வா’ என்றும் பொருள், ‘நில்’ என்றும் பொருள், ‘டீ வந்தாச்சு’ என்றும் பொருள். எது என்பதை ஓட்டுநர் ஞானத்தால் உணர்ந்தார். குடிநீர்க் குழாய் உடைந்தது. தகவல் அரை நிமிடத்தில் தெரு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. இதைவிட வேகம் வேண்டுமா?

தறிக்காரர்கள்தான் ஆடம்பரக்காரர்கள். கோர்வைச் சேலைக்கு நெய்பவர் பக்கத்திலேயே துணைக்கு இன்னொருவர் உட்கார்ந்து, ஊடைக்கு ஊடை கரை நாடாவைத் தள்ளித் தருகிறார். ஒரு இழை பிசகினாலும் பட்டு கெட்டுவிடுமாம். தேரோட்டத்திலும் அப்படித்தான்: சக்கரத்துக்குக் கட்டை போட ஆள், வடம் பிடிப்பவர்களுக்குச் சைகை காட்ட ஆள். மண் அள்ளும் இடத்தில் இத்தனை பேர் எதற்கு? பட்டா கெடப்போகிறது? ஆள்தானே!

அரசையும் குறை சொல்வதற்கில்லை. கட்டுமானத் தொழிலாளர் பாதுகாப்புக்கான மத்திய விதிகள் 1998இலேயே வந்துவிட்டன. வந்த கையோடு, அத்தி வரதரைப் போல, குளத்தடியில் சயனம் கொண்டுவிட்டன. அவர் 1979இல் எழுந்தருளினார், அடுத்து 2019இல். 40 ஆண்டுக் கணக்கு. அதன்படி விதிகளின் தரிசனம் 2038இல்.

அதுவரை, பக்தர்கள் பொக்லைனுக்குப் பின்னால் நிற்க வேண்டாம்.