ஹட் பேக்கு ஒரு பாட்டு வேண்டும்

தமிழ்ச் சினிமாப் பாட்டை முழுசாக அனுபவிக்க மூன்று தகுதிகள் வேண்டும். ரயிலில் போயிருக்க வேண்டும். மழை வராதா என்று ஏங்கியிருக்க வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு வெயில் பார்த்திருக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் வழியில்லாத ஊரில் நான் குடியிருக்கிறேன். ஊர் பெயர் ஹட் பே.

லிட்டில் அந்தமான் தீவின் பட்டணம் இதுதான். 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியும் எங்கள் வாயில் மட்டும் மாறாத போர்ட் பிளேருக்குத் தெற்கே சுமார் 120 கிலோமீட்டர். கப்பலில் ஏறினால் ஏழெட்டு மணி நேரம். வங்காளிகள், நிக்கோபாரிகள், தெலுங்கர்கள், தமிழர்கள் எல்லாரும் இருக்கிறோம். இந்தத் தீவுக்கு உண்மையான சொந்தக்காரர்களான ஓங்கே மக்கள் டுகாங் கிரீக் பக்கம் இருக்கிறார்கள். அந்தமான் நிக்கோபாரில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 2011 கணக்கெடுப்பில் சுமார் 15 சதவீதம். வங்காள மொழிக்கும் இந்திக்கும் அடுத்த இடம். ஆகவே பாட்டுக் கேட்க இங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை. பாட்டு எழுதுகிறவர்களுக்குத்தான் நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிற விஷயம் தெரியாது.

முதலில் ரயில். அந்தமான் நிக்கோபாரில் ரயில் கிடையாது. ஆனால் தமிழ்ச் சினிமாவில் காதல் வருவதும் ரயிலில், போவதும் ரயிலில். 1980இல் ‘ஒரு தலை ராகம்’, 1982இல் ‘மூன்றாம் பிறை’, 2000இல் ‘அலைபாயுதே’ என்று தலைமுறைக்கொரு ரயில். ஹட் பேயில் பிறந்து வளர்ந்த என் மகளோடு உட்கார்ந்து ஒரு ரயில் பிரிவுப் பாட்டைப் பார்த்தேன். நாயகன் பிளாட்பாரத்தில் தலைதெறிக்க ஓடுகிறான்.

“அப்பா, டிக்கெட் இல்லாத ஆளை ஜெட்டிக்குள்ள எப்படி விட்டாங்க?”

“அது ஜெட்டி இல்லம்மா, ஸ்டேஷன்.”

“சரி, இந்த வண்டி போனா அடுத்தது எப்போ?”

“அரை மணி நேரத்துல வரும்.”

“அப்புறம் எதுக்கு அழுறான்?”

என்னிடம் பதில் இல்லை. அரை மணியில் அடுத்த வண்டி வரும் ஊரில் பிரிவு என்பது ஒரு பொழுதுபோக்கு. இங்கே ஜெட்டியில் கப்பலின் கயிற்றை அவிழ்த்துவிட்டால் முடிந்தது. ஓடிப் பிடிக்கலாமென்றால் நடுவில் கடல் இருக்கிறது.

அடுத்தது மாலைப் பொழுது. இந்தியா முழுவதற்கும் ஒரே கடிகாரம், அது 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. நாங்கள் இருப்பது ஏறக்குறைய 92.5 டிகிரியில். டிகிரிக்கு 4 நிமிடம் என்று கணக்குப் போட்டால், சூரியன் எங்களுக்கு 40 நிமிடம் முன்னாலேயே டியூட்டிக்கு வந்து, முன்னாலேயே கிளம்பிவிடுகிறது. மே மாதத்தில் காலை 5 மணிக்குள் விடிந்துவிடும். டிசம்பரில் மாலை 5 மணி தாண்டியதும் காட்டுக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிடும். பாட்டில் நாயகி ஆறு மணிக்குப் பொன்வெயிலில் காத்திருக்கிறாள். எங்கள் ஊர்ப் பெண் ஆறு மணிக்குக் காத்திருந்தால் டார்ச் லைட்டோடுதான் காத்திருக்க வேண்டும். அதற்குள் வீட்டிலிருந்து நாலு பேர் தேடிக்கொண்டு வந்துவிடுவார்கள். காதலுக்குத் தேவையான அந்த அரை வெளிச்சத்தை மத்திய அரசின் கடிகாரம் எங்களுக்கு ஒதுக்கவில்லை.

மழை விஷயம் இன்னும் மோசம். கேரளாவில் பருவமழை தொடங்கிவிட்டது என்று மெயின்லேண்டில் ஜூன் மாதம் இனிப்புச் செய்தி வாசிப்பார்கள். அந்த மழை எங்களை நனைத்துவிட்டுத்தான் அங்கே போகிறது. சென்னைக்கு ஆண்டு முழுவதும் கிடைப்பது சுமார் 1,400 மில்லிமீட்டர். இந்தத் தீவுகளில் 3,000 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்கிறது. அதனால் வானத்தைப் பார்த்து மழையைக் கூப்பிடுகிற பாட்டு ஏதாவது ஒலித்தால் என் மனைவி ஓடிவந்து நிறுத்திவிடுவாள். “ஏங்க, கொடியில துணி கெடக்கு. அபசகுனமா எதையும் பாட விடாதீங்க.” நாயகி வெள்ளைச் சேலையில் நனைந்து ஆடுவதை இங்கே யாரும் ரசிப்பதாகத் தெரியவில்லை. அந்தச் சேலை காய எத்தனை நாளாகும் என்ற கவலையில் ரசனை போய்விடுகிறது. மழை பலத்தால் கப்பல் வராது. கப்பல் வராவிட்டால் வெங்காயம் வராது. மழையில் ஆடுகிறவர்கள் வெங்காயம் இருக்கிறவர்கள்.

கதாநாயகன் அறிமுகப் பாட்டுக்கு வருவோம். அவர் சிங்கம், புலி, சிறுத்தை என்று வரிசையாக அடுக்குவார்கள். அந்தமான் காடுகளில் இந்த மூன்றுமே கிடையாது. எங்களுக்குத் தெரிந்து, மனுஷனை நடுங்க வைக்கிற ஒரே உள்ளூர்ப் பிராணி உவர்நீர் முதலை. கடற்கரைகளில் எச்சரிக்கைப் பலகையே உண்டு. நியாயப்படி எங்கள் ரசிகர் மன்றத்துக்காவது நாயகனை முதலை என்று பாட வேண்டும். ஆனால் தமிழில் முதலைக்குக் கண்ணீர் ஒன்றைத் தவிர வேறு எந்த நல்ல பெயரும் இல்லை. அறிமுகப் பாட்டிலேயே ஆள் போலியாக அழுகிறவர் என்று சொன்னதாகிவிடும்.

பெண்களை வர்ணிக்கிற பாட்டு எனக்குச் சொந்த வாழ்க்கையிலேயே வேலை செய்யவில்லை. கண்ணுக்குக் கயல் என்கிறார்கள். கயல் என்றால் கெண்டை, ஆற்று மீன். இங்கே சந்தைக்கு வருவது சூரை, பாரை, களவா. உள்ளூர்ச் சரக்கை வைத்துப் பாராட்டுவோமே என்று ஒருநாள் மனைவியிடம், உன் கண் சூரைமீன் கண் மாதிரி இருக்கிறது என்று சொன்னேன்.

“எந்தச் சூரை? காலையில பிடிச்சதா, நேத்து ஐஸ்ல வெச்சதா?”

மீன் வாங்குகிற ஊரில் கண்ணைப் பார்ப்பது அழகுக்காக இல்லை. கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கத்தான். அன்றைக்குக் குழம்பு கொஞ்சம் காரமாகவே இருந்தது.

பனிப் பாட்டுகளைப் பற்றி எங்களுக்குத் தனிப் புகார் இல்லை. 1992இல் ‘ரோஜா’ வந்தபோது தமிழ்நாட்டுக்காரர்கள் மட்டும் என்ன பனியில் புரண்டுகொண்டா இருந்தார்கள்? 1973இல் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ ஜப்பானையும் தாய்லாந்தையும் காட்டியபோதும், பார்த்தவர்களில் பெரும்பாலோர் மதராஸையே பார்க்காதவர்கள். தெரியாத ஊரைத் தெரியாதவர்கள் எல்லாரும் சேர்ந்து வாய்பிளந்து பார்ப்பதில் ஒரு சமத்துவம் இருக்கிறது. எங்களுக்கு வயிற்றெரிச்சல் கடல் பாட்டில்தான். கடல் எங்களுக்குத் தெரியுமே!

காதலிக்காக ஏழு கடல் தாண்டி வருவேன் என்று எந்தக் கவிஞரும் கூசாமல் எழுதிவிடுகிறார். ஹட் பேயில் ஒரு பையன் அப்படிச் சொன்னால் அந்தப் பெண் கேட்கிற முதல் கேள்வி, “எந்தக் கப்பல்?” இரண்டாவது, “டிக்கெட் கிடைச்சிருச்சா?” மூன்றாவது, “பங்க்கா, டெக்கா?” ஒரு கடல் தாண்டவே தீவுவாசிகளுக்கான ஐலண்டர் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறோம். ஏழு கடல் தாண்டுகிறவன் அந்தக் கவுண்டரில் யாரையோ நன்றாகத் தெரிந்தவன்.

அலை வந்து பாதத்தை வருடுகிற பாட்டுகளும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று எங்கள் ஊருக்குள் வந்த அலை யாருடைய பாதத்தையும் வருடவில்லை. அந்த மாதிரிப் பாட்டு வந்தால் இந்த ஊர்ப் பெரியவர்கள் பேசாமல் எழுந்து போவதைப் பார்த்திருக்கிறேன்.

ஊர் தூரமாக இருப்பதால்தான் பாட்டு ஒட்டவில்லை என்று நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தொல்காப்பியர் அந்த எண்ணத்தைக் கலைத்தார். உணர்ச்சி ஒரு திணையிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க் கலக்கலாம், நிலத்தோடு நிலம் கலக்கக் கூடாது என்று அவர் விதி செய்து வைத்திருக்கிறார். சினிமா அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டது. ஒரே பாட்டில் நிலம் மட்டும் பொள்ளாச்சி, மணாலி, சுவிட்சர்லாந்து என்று மாறும். உணர்ச்சி கடைசிவரை அப்படியே நிற்கும். அவர் கணக்கில் நாங்கள் நெய்தல். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல், அதாவது கடற்கரையில் நின்று வராதவர்களை நினைத்து வருந்துவது. வானிலை சரியில்லை, கப்பல் இன்றைக்கு இல்லை என்று அறிவிப்பு வந்த நாளில் ஹட் பே ஜெட்டியில் வந்து பாருங்கள். இரங்கலைத் தவிர அங்கே வேறு எதுவும் நடக்காது. தாழை, புன்னை, நண்டு, உப்புக்காற்று என்று நெய்தல் கவிகள் எழுதியதெல்லாம் எங்கள் வாசலில் கிடக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால், இந்தத் தீவையே அறியாத ஒருவர் எழுதியது எனக்கு ஒட்டுகிறது. போன வாரம் வந்த பாட்டு ஒட்டவில்லை. அவர் தன் கடலை நின்று பார்த்துவிட்டு எழுதினார். விஷயம் அவ்வளவுதான்.

அப்படியானால் எங்களை வைத்தே எடுத்த படங்கள்? அதுவும் இருக்கிறது. 1978இல் முக்தா சீனிவாசன் இயக்கத்தில் சிவாஜி கணேசன் நடித்து, எம்.எஸ்.விஸ்வநாதன் இசையில் ‘அந்தமான் காதலி’. 1996இல் பிரியதர்ஷன் இயக்கி, இளையராஜா இசையமைத்த ‘சிறைச்சாலை’. ஒன்று காதலைப் பார்த்தது, மற்றொன்று ஜெயிலைப் பார்த்தது. இரண்டிலும் இசை அருமை. ஆனால் காதலுக்கும் ஜெயிலுக்கும் நடுவில், ரேஷன் வாங்கிக்கொண்டு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, கப்பல் எப்போது என்று கேட்டுக்கொண்டு ஒரு ஜனக்கூட்டம் வாழ்கிறது. அது இன்னும் எந்தப் பல்லவியிலும் ஏறவில்லை.

முன்பெல்லாம் இதைக்கூட உணர நேரம் கிடைக்காது. இணையம் சாட்டிலைட்டை நம்பி இருந்த காலத்தில், சென்னையிலிருந்து யாராவது மெமரி கார்டில் பாட்டுக் கொண்டுவந்தால் ஊரே கையேந்தும். ஓசியில் வந்த பாட்டில் யார் பிழை பார்ப்பார்கள்? 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து வருகிற கடலடிக் கேபிள் தொடங்கி வைக்கப்பட்டது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கேபிள் லிட்டில் அந்தமானையும் தொடுகிறது. இப்போது பாட்டு வெளியான அன்றைக்கே எங்கள் காதுக்கு வந்துவிடுகிறது. வந்த அன்றைக்கே நமக்கில்லை என்றும் தெரிந்துவிடுகிறது.

ஆகவே பாடலாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் வாருங்கள். கடல் கொஞ்சம் ஒழுங்காக நடந்துகொள்ளும். 1,500 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடக்கிற எண்ணெய்ப் பனைத் தோட்டத்தைப் பாருங்கள். நேதாஜி நகரில் வங்காளியோடும், ஹர்மிந்தர் பேயில் நிக்கோபாரியோடும், எங்கள் தெருவில் தமிழ் கலந்த இந்தியிலும் பேசிப் பாருங்கள். ஜெட்டியில் ஒரு நாள் முழுக்க உட்காருங்கள். பிறகு ஒரே ஒரு சரணம் எழுதுங்கள், போதும். அதில் ரயில் வேண்டாம், புலி வேண்டாம், மழையைக் கூப்பிட வேண்டாம். சன்மானம் தர எங்களிடம் வசதியில்லை. காலையில் பிடித்த சூரைமீனில் குழம்பு வைத்துப் போடுவோம். திரும்பிப் போக டிக்கெட்டை மட்டும் வரும்போதே போட்டுவிடுங்கள். அதற்கு நாங்கள் பொறுப்பில்லை.